மணமகள்: கர்ப்பூரவல்லி

சமீபத்தில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. மணமகள் - வாழை மரம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்த வாழையைத் தெரிந்திருக்கும். திருச்சியிலிருந்து கன்றாக ரயிலில் கொண்டுவந்து, தெலுங்கு நாட்டில், மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நான் காட்டிக்கொண்டிருந்த அதே வாழைதான்.

மணமகன் பக்கத்து வீட்டு சுந்தரம் சார். ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு முறை திருமணம் ஆனவர். முதல் மனைவி சின்ன வயதிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இரண்டாவது மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. குழந்தைகள் இல்லை. அதன் பிறகு பல வருடங்கள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, எங்கள் வீட்டுக் குழம்பு வாசனையைப் பற்றி மட்டும் அவ்வப்போது கருத்துச் சொல்லிக்கொண்டு இருந்தார்.

அப்படிப்பட்டவர் அல்வால் ஏரிக்கரையில் வாக்கிங் போன இடத்தில் ரமணியைச் சந்தித்தார். ரமணி ஐம்பதைத் தாண்டிய கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்தவர். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பிறகு சேர்ந்து வாழலாம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் கல்யாணம்.

புதன்கிழமை காலை சுந்தரம் சாரின் தங்கை கோமதி எங்கள் வீட்டுக்கு வந்தார். மௌலா அலி ரயில்வே காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர்.

“அண்ணன் ஜாதகத்துல களத்திர தோஷம் இருக்குங்க. பொண்டாட்டி நிலைக்காது. மொதல்ல வாழைக்குத் தாலி கட்டி வெட்டிட்டா தோஷம் அதோட போயிரும். எங்க வீட்ல எல்லாம் சிமென்ட் போட்டாச்சு. உங்க வாழை வேணும்.”

“ரமணிக்குத் தெரியுமா?”

“நக்கோ நக்கோ. வேண்டாங்க. டீச்சர்கிட்ட யாரு சொல்றது?”

சுந்தரம் சார் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் ‘சரி என்று சொல்லிவிடுங்கள்’ என்பது தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

சாஸ்திரிகள் தெலுங்குக்காரர். தொழிலில் நேர்மையானவர். பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். ரகம் கர்ப்பூரவல்லி என்றேன். பெண்ணுக்கு வைக்கக்கூடிய பெயர்தான் என்பதால் ஏற்றுக்கொண்டார். பெண்ணுக்கு அப்பா யார் என்றார். தோட்டம் என்னுடையது. ஆகவே நான். என்னைவிட வயதில் மூத்த ஒருவருக்கு அன்று காலை நான் மாமனார் ஆனேன்.

வாழைக்கு ரவிக்கைத் துணி சுற்றினார்கள். பூ வைத்தார்கள். சுந்தரம் சார் மஞ்சள் கயிறு கட்டினார். மூன்று முடிச்சையும் ஒழுங்காகப் போட்டார். அனுபவம்.

பிறகு அரிவாளைக் கையில் கொடுத்தார்கள்.

நான் கொஞ்சம் மரக்கதைகள் சேகரிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். உலகம் முழுக்க மரமும் பெண்ணும் கதைகளில் நெருங்கிய சொந்தம். கிரேக்கத்தில் ஒருத்தி, துரத்தி வந்த தேவனிடமிருந்து தப்பிக்க மரமாகவே மாறிவிட்டாள். வேண்டாம் என்று வாயால் சொன்னது அவனுக்குப் புரியவில்லை... வேறு என்ன செய்வாள்? தாய்லாந்தில் வாழைக்குள் பச்சை உடை உடுத்திய ஓர் அழகி குடியிருக்கிறாள் என்பார்கள். பெண்களை ஏமாற்றுகிற ஆண்களை அவள் சும்மா விடமாட்டாளாம். அங்கே வாழையில் கை வைப்பதற்கு முன் நன்றாக யோசிப்பார்கள்.

மற்ற ஊர்களில் பெண்ணைக் காப்பாற்ற மரம் வந்தது. நம் ஊரில் பெண்ணுக்குப் பதிலாகச் சாக மரத்தைக் கூப்பிடுகிறோம். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் - மரத்தைக் கேட்காதவரை.

சுந்தரம் சார் அரிவாளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெட்டினார். வாழை சத்தமில்லாமல் சாய்ந்தது. தலை முழுகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியிலேயே குளித்தார். துண்டு கொடுக்கப் போனேன்.

“இது மூணாவது தடவை சார்” என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. “மத்த ரெண்டு தடவையும் சுடுகாட்டுக் குழாய்ல.”

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் கதை சொல்லிவிடுவேன். கிரேக்கத்தில் ஏழைக் கிழத் தம்பதி ஒன்று. வீட்டுக்கு வந்த வழிப்போக்கர்களுக்கு இருந்ததைப் போட்டார்கள். வந்தவர்கள் கடவுளர்கள். என்ன வரம் வேண்டும் என்று கேட்டதற்கு, ஒருவர் சாவை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்றார்கள். கடைசியில் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே மரமாகிவிட்டார்கள்.

“ரெண்டு பேருமா?”

“ஆமா. ஒரே நேரத்துல. பக்கத்துப் பக்கத்துல.”

சுந்தரம் சார் துண்டை மடித்துக் கொடுத்தார். “அது நல்ல ஏற்பாடு சார்.”

அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. பயம் இருந்தது.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனேன். வெட்டிய அடிமரத்தின் நடுவிலிருந்து குருத்து ஒரு சாண் உயரத்துக்கு வெளியே வந்து நின்றது. வெளிர்ப்பச்சை. பளபளவென்று. வாழை வளர்த்தவர்களுக்கு இது தெரியும். குலை தள்ளாத வாழையை வெட்டினால் அது வெட்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே சுருண்டிருக்கும் குருத்து, விட்ட இடத்திலிருந்து மேலே வந்துவிடும். எனக்கும் தெரியும்தான். முந்தின நாள் யாரும் கேட்கவில்லை.

கோமதி வந்து பார்த்தார். அடிமரத்தில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

“கைக்கு இப்படி ஆச்சு?” என்றார் மெதுவாக. கலங்கினால் அவருக்கு உருது வரும்; ‘கைக்கு’ என்றால் ‘ஏன்’. “மூத்தவ உயிரோட இருக்கா.”

சாஸ்திரிகளுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. கடப்பாரை இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். வேரோடு தோண்டிவிட வேண்டுமாம். இருந்தது. இல்லை என்றேன். பெண்ணைப் பெற்றவனால் இரண்டாவது முறையுமா வெட்ட விட்டுக்கொடுக்க முடியும்?

கோமதி அடுத்ததாக ரமணிக்கு போன் செய்து, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுவிட்டார். காரணம் சொல்லாமல் போனை வைத்தும்விட்டார்.

இதற்குள் சுந்தரம் சார் வந்து வாழைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. “கல்யாணம் நின்னுடட்டும் சார். இதுவே ஒரு சகுனம்தான். அவங்களாவது நல்லா இருக்கட்டும்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்தக் கல்யாணத்தை அங்கேயே நிறுத்திவிடத் தயாராக இருந்தார்.

அல்வாலிலிருந்து ரமணி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பின்பக்கம் வந்தார். வாழையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். ரவிக்கைத் துணியைப் பார்த்தார்.

“யாராவது சொல்றீங்களா?”

நான் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று சுந்தரம் சாரைக் கேட்டார்.

“சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு, வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

சுந்தரம் சார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ரெண்டு பேருக்குக் கொள்ளி வெச்சிருக்கேன் ரமணி. இன்னொரு தடவை என்னால முடியாது.”

ரமணி அவருக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“நான்தான் மொதல்ல போவேன்னு யாரு சொன்னது? உங்களுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. பிரஷர் இருக்கு. வாக்கிங்ல பாதியிலேயே பெஞ்ச் தேடறீங்க.”

சுந்தரம் சார் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கோணத்தை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

“சரி, உங்க ஜாதகப்படியே வருவோம்” என்றார் ரமணி. கணக்கு டீச்சர் குரல் வந்துவிட்டது. “உங்களுக்குப் பொண்டாட்டி நிலைக்காது. அப்படித்தானே?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

“நேத்து ஒருத்திக்குத் தாலி கட்டினீங்க. நீங்களே வெட்டினீங்க. அவ செத்தாளா?”

சுந்தரம் சார் குருத்தைப் பார்த்தார். “இல்ல.”

“வெட்டியும் நிலைச்சிருக்கா. அப்ப தோஷம் எங்க இருக்கு?”

சுந்தரம் சாருக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டார்.

கோமதிதான் விடவில்லை. “ஆனா சட்டப்படி அவ மூத்தவ ஆயிடறாளே டீச்சர். இருக்கும்போதே இன்னொரு கல்யாணம்னா...”

“இருந்துட்டுப் போகட்டும். சமையல்கட்டுக்கு வரமாட்டா. எனக்கு அது போதும்.”

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. கோயிலில் அதே சாஸ்திரிகள். வாழை துளிர்த்த தகவலை நான் சொன்னேன். அப்படியும் நடப்பது உண்டு என்றார்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு கதை உண்டு. ஆதியில் கடவுள் வானத்திலிருந்து கயிற்றில் ஒரு கல்லை இறக்கினாராம். முதல் மனிதர்கள் இதை வைத்து என்ன செய்வது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து வாழைப்பழம் இறங்கியது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். அப்போது கடவுள் சொன்னாராம் - கல்லை எடுத்திருந்தால் கல் மாதிரி சாகாமல் இருந்திருப்பீர்கள். இனி வாழை மாதிரிதான், கன்று விட்டுப் போய்ச் சேருவீர்கள் என்று. சாவு வந்த கதையாக அதைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்த மனிதர்கள் தப்பாகத் தேர்ந்தெடுத்ததாகத் தோன்றவில்லை. கல்லோடு எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்?

இரண்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை புதுத் தம்பதி எங்களை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ரமணி எங்கள் தோட்டத்துக்கு வந்து, கர்ப்பூரவல்லியிடம் நாலு இலை கேட்டு நறுக்கிக்கொண்டு போனார். கேட்டதை நான் என் காதால் கேட்டேன். வெந்தயக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், சேமியா பாயசம். சுந்தரம் சார் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

கோமதி மட்டும் இலையைத் தள்ளிவிட்டு எவர்சில்வர் தட்டு கேட்டார்.

“அண்ணி மேல சோத்தைப் போட்டு எப்படிங்க சாப்பிடறது?”