குன்னெல் கொண்டுவந்த பாட்டில்

எங்கள் குடியிருப்பில் யாராவது கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டால்கூட மன்னித்துவிடுவோம். அடுத்தவர் துணி துவைக்கும் நேரத்தில் கை வைத்தவரை மன்னிக்க மாட்டோம். கட்டடம் முழுவதற்கும் நிலவறையில் ஒரே சலவை அறைதான். அதன் சுவரில் ஒரு பலகை, அதில் வாரத்தின் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வீட்டு எண் போட்ட சின்னப் பூட்டை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அந்த நேரம் நம்முடையது. ஸ்வீடனில் எங்கள் நார்ஷெப்பிங் நகரத்தின் பாதிச் சண்டைகள் இப்படிப்பட்ட பலகைகளுக்கு முன்னால்தான் பிறக்கின்றன.

அந்த அறைக்கு ராணி குன்னெல். யாரும் முடிசூட்டவில்லை, தானே சூட்டிக்கொண்டாள். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு இருந்தால், தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடந்தால், மறுநாள் சுவரில் சீட்டு ஒட்டியிருப்பாள். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பால் கெட்டிருந்தால் நடைவழியிலேயே நின்று சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பெயர். எதிர் வீட்டுக்காரியான நான் மீன் பொரித்தால், அது எந்த மீன் என்று படியிறங்கும்போதே சொல்வாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒரு நாளும் தவறாகச் சொன்னதில்லை.

அவள் கணவர் ஸ்டெல்லான் வீடுகளுக்கு வண்ணம் பூசியவர். அந்தத் தொழில் அவருடைய மூக்கை முதலில் தின்றது, பிறகு நுரையீரலைத் தின்றது. வாசனை போட்ட எதையும் அவர் அருகில் கொண்டுபோகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஒரு மூக்கு போதும் என்று குன்னெல் சிரிப்பாள். அவருடைய சோப்பு, பற்பசை, துணி துவைக்கும் திரவம் எல்லாவற்றையும் அவளே பார்த்துப் பார்த்து வாங்குவாள். வெள்ளை பாட்டிலில் வரும் வாசனையில்லாத திரவத்தைத் தவிர வேறு எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. அந்த மனிதர் மூச்சு விடுவதே அவளுடைய வேலையாகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தின் முடிவில் குன்னெலுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதன்பிறகு காப்பி காப்பியாகவே இல்லை என்று புலம்பினாள். கம்பெனிக்காரர்கள் தூளில் கலப்படம் செய்கிறார்களாம். மூன்று விதத் தூளை மாற்றிப் பார்த்தாள். நாங்களும் விலைவாசியைத் திட்டிவிட்டு விட்டுவிட்டோம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஸ்டெல்லானுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. அதே சமயம் மாடிப்படியில் பூ வாசனை வர ஆரம்பித்தது. எனக்கும் வந்தது, குன்னெலிடம் நானே சொன்னேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக யார் குடிவந்தார்கள்? இரண்டாம் மாடி இல்வா. கைக்குழந்தைக்காரி, வாரம் முழுக்கத் துணி துவைப்பவள். வேறு யாரையும் யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. குன்னெல் அவள் கதவிலேயே சீட்டு ஒட்டினாள். உன் வாசனை என் கணவரைக் கொல்கிறது என்று எழுதியிருந்தாள். கடுமையான வார்த்தைதான். ஆனால் படியேறவே நின்று நின்று வரும் ஸ்டெல்லானைப் பார்த்த யாருக்கும் அதைத் தவறென்று சொல்ல வாய் வரவில்லை.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்த பிறகு குன்னெல் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி கட்டடம் முழுவதற்கும் ஒரே திரவம், அது தானாக இயந்திரத்துக்குள் இறங்கவேண்டும், யாரும் சொந்தமாகக் கொண்டுவந்து ஊற்றக் கூடாது. ஏப்ரல் மாத ஆண்டுக் கூட்டத்தில் அதைத்தான் முடிவு செய்வதாக இருந்தது. எந்தத் திரவம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாதிரி காட்டுவதற்குத் தன் பாட்டிலையே கையோடு கொண்டுவந்தாள்.

கூட்டம் நிலவறையின் பொது அறையில் நடந்தது. காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் மேசைமேல் இருந்தன. குடியிருப்புச் சங்கத் தலைவர் ஹோகன் எதையோ வாசித்து முடித்ததும் குன்னெல் எழுந்தாள். மூடியைத் திறந்து பாட்டிலை எல்லோருக்கும் முன்னால் நீட்டினாள்.

"மோந்து பாருங்க. ஒண்ணுமே இருக்காது. தண்ணி மாதிரி."

அறை முழுக்கப் பூ வாசனை பரவியது. மாடிப்படியில் நாங்கள் குளிர்காலம் முழுவதும் முகர்ந்த அதே வாசனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரொட்டியை வாயருகே கொண்டுபோன ஹோகன் அப்படியே வைத்திருந்தார்.

கதவோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாசனை தெரியாத மனிதர், ஆனால் அவருடைய நெஞ்சுக்குத் தெரிந்தது.

"மூடு, குன்னெல். மூச்சு முட்டுது."

குன்னெல் இல்வா பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா, இவ வந்து உக்காந்தாலே அவருக்கு இப்படித்தான் ஆகுது."

இல்வா சத்தம் போடவில்லை. "ஜனவரில நீங்க சீட்டு ஒட்டின நாள்லேர்ந்து நான் வாசனை இல்லாததுதான் வாங்குறேன். இந்த வாசனை உங்க கையில இருக்கிற பாட்டில்லேர்ந்து வருதுங்க."

குன்னெல் சிரித்தாள். பாட்டிலை மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தாள். பிறகு என்னிடம் வந்து நீட்டினாள்.

"நீ சொல்லு. உன்னை நான் நம்புவேன். வாசனை இருக்கா?"

"இருக்கு."

"லேசாவா?"

"நிறைய, குன்னெல்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பினேன். அடியில் பொடி எழுத்தில் வசந்தப் பூக்கள் என்று போட்டிருந்தது. பிறகு கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்னால் அந்தக் கம்பெனி பாட்டில்களை மாற்றியிருக்கிறது. வாசனையில்லாதது பச்சைக்குப் போய்விட்டது, வெள்ளைக்குள் பூவை அடைத்துவிட்டார்கள். குன்னெல் எத்தனையோ வருடப் பழக்கத்தில் வெள்ளையை எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறாள். அவள் மூக்கை அந்தக் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனது அவளுக்கே தெரியாது.

ஹோகன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். நாங்கள் இருவராக ஸ்டெல்லானை வெளிக்காற்றுக்குக் கூட்டிப்போனோம். திரும்பி வந்தபோது குன்னெல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மூடியைத் திருக முயன்றுகொண்டிருந்தாள். மூடி ஏறவில்லை.

"அவருக்கு முடியலைன்னுதான் தலையணை உறையைத் தினமும் மாத்தினேன்," என்றாள். "முடியாமப் போகப் போக இன்னும் இன்னும் தோச்சேன்."

நான் பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கினேன்.

ஸ்டெல்லான் கொஞ்ச நாள் தன் தங்கை வீட்டில் தங்கினார். அங்கே படுத்துத் தூங்கினார் என்று கேட்டதும் எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் வீட்டுத் துணி முழுவதிலிருந்தும் அந்தப் பூ போகவேண்டும். குன்னெல் பச்சை பாட்டிலை வாங்கித் தன் நேரம் முழுவதும் துவைத்தாள். போனதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் என்னிடம்தான் கொண்டுவருவாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒரு மாலையில் அவள் தலையணை உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவர் கதவையும் தாண்டி மேலே ஏறினாள். நான் என் வாசலிலேயே நின்று மேலே பார்த்தபடி காதைக் கொடுத்தேன்.

இல்வா கதவைத் திறந்தாள். குன்னெல் மன்னிப்பு என்ற வார்த்தையை ஆரம்பித்தாள், முடிக்க வரவில்லை. உறையை நீட்டினாள்.

"ஏம்மா, கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றியா? எனக்குத் தெரியலை."

இல்வா அவள் முகத்திலேயே கதவை அறைந்தாலும் நியாயம்தான் என்று நினைத்தேன்.

"இன்னும் இருக்கு, குன்னெல். இன்னும் ரெண்டு மூணு தடவை தோய்க்கணும்."

"என் நேரம் முடிஞ்சுபோச்சு. இனிமே அடுத்த வாரம்தான்."

"ஞாயித்துக்கிழமை காலைல என் பூட்டு தொங்குது," என்றாள் இல்வா. "எடுத்துட்டு உங்க பூட்டை மாட்டிக்கோங்க."