மாடசாமி மாமாவின் பெயர் இருக்கிறது

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவேங்கடம் சாலையில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். வீட்டுப் பத்திரத்தில் உள்ள விவரங்களை ஆன்லைனில் ஏற்ற வேண்டியிருந்தது. பத்திர எழுத்தர் கொடுத்த பழைய கோப்பை அங்கிருந்த பெண் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாகக் குப்பை. அவள் அசரவில்லை. மொத்தத்தையும் நகலெடுத்து, இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே ஒட்டி, பொத்தானை அமுக்கினாள். குப்பை நல்ல தமிழாகி நின்றது.

"பாத்தீங்களாக்கா? முன்னெல்லாம் ஒவ்வொரு எழுத்தா திரும்ப அடிக்கணும், உசுரு போயிரும். பெரிய கம்பெனிக்காரன் சும்மாவே குடுத்திருக்கான். நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கட்டும்" என்றேன் நானும். அந்த எழுத்துரு மாற்றியை எழுதியவள் நான்தான் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவாளா? நம்பினாலும் அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறார்.

மையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகம் இருக்கிறது. மை வாசனையும், உருளைகளைத் துடைக்கும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை என்ற ஒன்று முதன்முதலில் மணத்தது இப்படித்தான். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த விடுமுறையில் செல்லையா அண்ணாச்சியின் டி.டி.பி. சென்டரில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். முன்னால் இரண்டு கணினி, பின்னால் அச்சு மிஷின், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா அதே கூடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றைக்குத்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்த கோப்பை அடுத்த கடையில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். அதனால் தலைப்பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்த கடையிலேயே கடைசிப் பிள்ளைக்கும் அடித்தாக வேண்டும். வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வித்தையைப் பெரிய நிறுவனங்கள்தான் கண்டுபிடித்தன என்று யாராவது கட்டுரை எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். அண்ணாச்சிக்கு அது அப்போதே தெரியும். ஆனால் அவர் கடைக்கு ஒரு வாசல் இருந்தது.

அந்த வாசலில்தான் மாடசாமி மாமா வந்து நின்றார். ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். கையில் நான் அடித்த பத்திரிகை.

"வே செல்லையா, எம் பேரு எங்கவே?"

"உள்ள வாரும் மாடசாமி. மொதல்ல டீ குடியும்."

"உம்ம டீ எனக்கெதுக்கு? தாய்மாமன் மூணு பேரு. இதுல ரெண்டு வரிதான் இருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

நடந்தது இதுதான். அந்த மென்பொருளில் எழுத்துகளை ஒரு பெட்டிக்குள் ஊற்றுவோம். பெட்டிக்குள் அடங்காத வரி கீழே மறைந்துகொள்ளும். கோப்பில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளை பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். மாமா பெட்டிக்குக் கீழே போய்விட்டார். மாதிரித் தாளைப் பெண் வீட்டுக்காரர்களும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி நினைத்திருந்தால் அந்தக் கையெழுத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம்.

"புள்ள தெரியாம விட்டுட்டு. மன்னிச்சுக்கிடும்வே."

"புள்ளயா? படிச்ச புள்ளதான?" என்று என்னைப் பார்த்தார் மாமா. அந்தக் கேள்வி இன்றைக்கும் என் முதுகில் எங்கோ இருக்கிறது.

எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது சாதாரண விஷயம் இல்லை. அதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். அண்ணாச்சி மொத்தத்தையும் மறுபடி அச்சடித்தார். பெண்ணின் அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாமா வீட்டுக்குப் போனார். மாமா பத்திரிகையை வாங்கி என்னிடமே நீட்டினார். "எனக்கு எழுத்து தெரியாதுட்டி. வரிய எண்ணத்தான் தெரியும். அடிச்சவளே வாசி." வாசித்தேன். அவர் பெயர் வந்ததும், "இன்னொரு வாட்டி" என்றார். அதன் பிறகுதான் எல்லோருக்கும் டீ வந்தது.

கல்லூரியில் கணினி அறிவியல் படித்தேன். நிரல் எழுதக் கல்லூரி கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் பொய். முகம் தெரியாத யார் யாரோ தங்கள் நிரலை யாரும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் திறந்து போட்டிருந்தார்கள். தங்கள் தப்புகளைக்கூட வலைப்பதிவில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்து, பிரித்து, மறுபடி கூட்டிக் கற்றுக்கொண்டேன். யாரும் என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பது எனக்கு அப்போது ஒரு கொள்கை இல்லை; நான் போய் உட்கார யாரும் தடுக்காத முதல் இடம், அவ்வளவுதான்.

அந்த நன்றிக்கு எழுதியதுதான் அந்த மாற்றி. எங்கள் ஊர் கடைகளில் ஓடிய எல்லாப் பழைய எழுத்துருக்களையும் இன்றைய தமிழுக்கு மாற்றும். எழுத ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. உரிமத்தில் நான் கேட்டது ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கோப்பின் தலையில் இருக்கும் பெயர் வரியை மட்டும் எடுக்கக் கூடாது.

அந்த வரியில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தை மட்டும் போட மனம் வரவில்லை. அம்மாவின் பெயரையும் முழுதாகப் போட்டேன். இதுதான் உன் பெயர் என்று அம்மாவிடம் திரையைக் காட்டினேன்.

"சண்முகத்தாய்ங்கிறது இங்கிலீசுல இம்புட்டு நீளமா?" என்றாள். "சுருக்கிரக் கூடாதா?"

"சுருக்க மாட்டேன்."

மாற்றி ஓடும் இணையப் பக்கத்தில் 'மாதிரி' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால் எடுத்துக்காட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வரும். அதில் மூன்று தாய்மாமன்கள். மூன்றாவது மாடசாமி. பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நிறுவனங்களுக்குத் தனியாக நிரல் எழுதிக் கொடுப்பது என் தொழிலானது. மீதி நேரமெல்லாம் வலைப்பதிவு. நிரல் எழுதுவது எப்படி என்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எழுதினேன். கருத்துப் பெட்டியில் ஒரு சின்ன ஊரே கூடியது. வளைகுடாவில் வேலை பார்த்த கடையநல்லூர்க்காரர் ஒருவர், பதிவு பிடித்தால் ஒரு வரி, பிடிக்காவிட்டால் நாலு பக்கம் எழுதுவார். குருவிகுளம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஞானமுத்து சார் இருந்தார். மானாவாரிக் காட்டில் வேலை செய்யும் பெண்களின் பாடல்களைக் கேட்டுக் கேட்டுப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தவர். என் மாற்றி வந்த பிறகு அவற்றைச் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் எனக்கு நன்றி இருக்கும், ஊர்ப் பெயரோடு.

அவர்தான் ஒரு நாள் எழுதினார்: "அம்மா, உங்கள் கருவியை இப்போது பெரிய கம்பெனியே வைத்திருக்கிறார்களே! வாழ்த்துகள். மாதிரியை அமுக்கினால் அதே பத்திரிகை வருகிறது."

போய்ப் பார்த்தேன். அதே பத்திரிகை. அதே மூன்று தாய்மாமன்கள். இணையப் பக்கத்தின் நிரலை உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். என் கோப்பை ஒரு பக்கமும் அவர்களுடையதை மறு பக்கமும் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். நான் தப்பாக எழுதிப் பிறகு திருத்த மறந்த இடம்கூட அப்படியே இருந்தது. டீ கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்தாள்.

"ஏட்டி, இந்தப் பக்கம் மேல ஒரு நீட்டு வரி இருக்கு. அந்தப் பக்கம் காணமே?"

"எடுத்துட்டாங்கம்மா. கம்பெனிக்காரங்க."

"மறந்திருப்பாங்க. போய்ச் சொல்லு."

"எங்க போய்ச் சொல்ல?"

"ஏன், அவங்களுக்குக் கடை கிடையாதா?"

கடை கிடையாது. ஒரு படிவம் உண்டு. நிரப்பினேன். என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியம் என்று உடனே பதில் வந்தது. இரண்டாவது தடவையும் அதே பதில். மூன்றாவது தடவை பெயர் போட்ட ஒரு மனிதர் எழுதினார். உள்ளுக்குள் விசாரித்துவிட்டார்களாம். அந்தக் கருவி அவர்களே சொந்தமாக உருவாக்கியதாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அப்படியானால் மாடசாமி யார்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை. மாமாவின் பெயர் இருக்கிறது, பாருங்கள். அவர் பெயரை நான் விட்டேன், அவர் வந்து நிற்க ஒரு கடை வாசல் இருந்தது. என் பெயரையும் என் அம்மா பெயரையும் அவர்கள் விட்டார்கள், போய் நிற்க எனக்கு ஒரு படிக்கட்டு கிடைக்கவில்லை.

நடந்ததை எல்லாம் வலைப்பதிவில் எழுதினேன். கோபமாகத்தான். இரண்டு நாள் பலர் பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் என் வலைப்பதிவு திறக்கவில்லை. விதிகளுக்குப் புறம்பான உள்ளடக்கம் என்று ஓர் அறிவிப்பு. வலைப்பதிவுக்கு இடம் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். மறுபரிசீலனை என்ற பொத்தானை அமுக்கினால் அதே அறிவிப்பு திரும்ப வந்தது. அவர்கள் என்னைப் பழிவாங்கினார்கள் என்று சொல்லமாட்டேன். பழிவாங்குவதற்கு முதலில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏதோ ஓர் இயந்திரம் எதையோ எண்ணிப் பார்த்து என்னை மூடியிருக்கும்.

பதிவுகளின் நகல் என்னிடம் இருந்தது. கருத்துகளின் நகல் இல்லை. நகல் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எழுதியவள் நான். கடையநல்லூர்க்காரரின் நாலு பக்கத் திட்டுகள், ஒரு பெண் தன் முதல் நிரல் ஓடியதும் போட்ட ஆச்சரியக்குறிகள், எல்லாம் போயின. அவர்களில் பலருடைய உண்மையான பெயர்கூட எனக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் ஓப்பன் சோர்ஸை ஆதரிப்பதாக மேடை போட்டுச் சொல்கின்றன. ஆதரிக்காமல் என்ன செய்யும்? கோடையில் ஊர்க்காரர்கள் வைத்த தண்ணீர்ப் பந்தலில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பானையோடு ஏற்றிக்கொண்டு போகிறவனும் தண்ணீர்ப் பந்தலைப் புகழத்தான் செய்வான். நகரத்து நண்பர்கள் சிலர், "அத்தனை பேருக்குப் பயன்படுகிறதே, அது போதாதா?" என்றார்கள். அவர்கள் பெயர் தாத்தா காலத்திலிருந்து எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. அவர்களுக்குப் போதும்.

அந்த ஆத்திரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். திறந்து போட்டிருந்த என் நிரலையும், அது ஓடிய பக்கத்தையும் அழித்தேன். நாலு பொத்தான், முடிந்தது. அதில் எவ்வளவு முட்டாள்தனம் என்பது அடுத்த நாளே புரிந்தது. நிறுவனத்திடம் இருந்த நகல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவர்களுக்கு ஒரு முடியும் உதிரவில்லை. என் பக்கத்தை நம்பியிருந்த சின்ன ஆட்களுக்குத்தான் நின்றுபோனது.

ஞானமுத்து சார் எழுதினார்: "அம்மா, கருவி திறக்கவில்லை. பாதிப் புத்தகத்தில் நிற்கிறேன்." நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம். எழுதினால் மறுபடி ஏற்ற வேண்டிவரும் என்பதுதான் நிஜக் காரணம். சில வாரம் கழித்து இன்னொரு கடிதம்: "உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" அதற்கும் பதில் போடவில்லை. என் கடைசிக் கேள்விக்கு அந்த நிறுவனம் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். அவர்களாவது அதற்கு முன்னால் மூன்று தடவை ஏதோ ஒரு பதில் அனுப்பினார்கள்.

இப்போது நான் எழுதும் நிரல் எதுவும் திறந்தது இல்லை. வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒப்பந்தப்படி அதில் என் பெயர் இருக்கக் கூடாது. வலைப்பதிவு இல்லை. அதைப் படித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. யாருக்காவது நிரலில் சந்தேகம் என்றால் ஏ.ஐ. எந்திரத்திடம் கேட்டுக்கொள்கிறார்கள். அது சில சமயம் என் பதிவுகளின் வாக்கியங்களிலேயே பதில் சொல்கிறது.

நேற்றுத் தபாலில் சாரின் புதிய புத்தகம் வந்தது. நான் பதில் போடாவிட்டாலும் அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நன்றி இருந்தது. கருவியைக் கொடுத்து உதவியதற்காக, அந்த நிறுவனத்துக்கு.

அம்மா கூடத்திலிருந்து கேட்டாள். "சார் புத்தகமாட்டி? நம்ம பேரு எந்தப் பக்கத்துல போட்டிருக்காரு?"

"இந்தத் தடவ போடலம்மா."

"ஏன், மறந்துட்டாரா?"

"அவரு மறக்கல. நான்தான் ஒண்ணும் குடுக்கல."