என் கரும்புக்கு வரிசை எண் 1603

போன செவ்வாய்க்கிழமை சர்க்கரை ஆலையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. கரும்பு வெட்டும் வரிசையில் என் எண் 1603.

கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்ற எனக்கு மல்லசமுத்திரத்தில் இருப்பது இரண்டே ஏக்கர். நட்டது ஜனவரி 9. பக்கத்துக் காட்டுக் கந்தசாமி நட்டது பிப்ரவரி 1. இருபத்து மூன்று நாள் பிந்தி! அவர் எண் 214. முதலில் நட்டவருக்கு முதல் வெட்டு என்பதுதானே ஆலையின் விதி?

"ஏனுங்க வாத்தியாரே, உங்க கரும்பு இன்னும் எளசாமுங்க. கம்ப்யூட்டரே சொல்லீருச்சு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார் கந்தசாமி.

நான் சிரிக்கவில்லை. வெட்டத் தாமதமானால் கரும்பு பூத்துவிடும். பூத்தால் எடையும் போச்சு, சாறும் போச்சு.

பஸ் ஏறி ஆலைக்குப் போனேன். வாசலில் கரும்போடு நாற்பத்தேழு வண்டி. (எண்ணாமல் இருக்க முடியாது, உங்களுக்குத் தெரியுமே.) உள்ளே புதுக் கம்ப்யூட்டர், ஏ.சி. காற்று. ஆபரேட்டர் அம்மாள் எதையும் மறைக்கவில்லை.

"மொத்தம் 2300 பேருங்க சார். மெமரியில ஒரு தடவைக்கு 800 பேருதான் புடிக்கும். பேரு பதிஞ்ச வரிசையில மூணு கட்டாப் பிரிச்சேன். ஒவ்வொரு கட்டையும் நட்ட தேதிப்படி அடுக்கினேனுங்க."

"அப்புறம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அடுக்கவில்லையா?"

"எங்கீங்க... ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அப்படியே அச்சடிச்சாச்சு."

1600 போக மூன்று. மூன்றாம் கட்டில் மூன்றாவது ஆள் நான்! எனக்கு முந்திப் பேர் பதிந்த கந்தசாமி முதல் கட்டில்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இருந்த குமாஸ்தா மட்டும் 2300 பேரையும் தலையிலா வைத்திருந்தார்? தேதிப்படி எழுதிய மூன்று நோட்டை அருகருகே விரிப்பார். மூன்றிலும் மேல்வரியை மட்டும் பார்ப்பார். முந்திய தேதியை எழுதிக்கொண்டு, அந்த நோட்டில் மட்டும் ஒரு வரி இறங்குவார். கண்முன் எப்போதும் மூன்றே பெயர்... இதை அந்த அம்மாளிடமே சொன்னேன்.

"எனக்கும் தெரியுமுங்க சார். பிளாப்பிய மாத்தி மாத்திப் போட்டு ரெண்டு நாள் ஓட்டணும். மேனேஜர் அன்னைக்கே லிஸ்ட் வேணும்னுட்டாருங்க."

மேனேஜரிடம் போனேன். தலை நிமிராமலே சொன்னார்: "கையெழுத்தாயிருச்சுங்க. இப்ப மாத்துனா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? அடுத்த பருவத்துல சரி பண்ணிக்கலாம்."

இயந்திரம் சின்னது என்று நான் குறை சொல்லவில்லை. இரண்டு நாளை மிச்சம் பிடித்தார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?

நேற்று கந்தசாமி காட்டில் வெட்டு தொடங்கியது. என் காட்டில் பூ. எண்ணினேன் — வேலியோரம் மட்டும் முப்பத்தொன்பது.

கந்தசாமியும் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.