மாலை கதவில் மாட்டி வைக்கவும்

போன குளிர்கால விடுமுறைக்கு முன்னால் இவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நாங்கள் குடியிருக்கும் மாடிப்படிக்குக் கீழ் அறையையும் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. இனி எங்கே போய் இருப்பது என்று எனக்குக் கவலை. இவரோ, கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியிருக்குமே என்றுதான் கவலைப்பட்டார். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட பிறவி. நான் என்ன செய்ய?

இந்த நாலு மாடிக் கட்டிடத்துக்கு இவர்தான் கேர்டேக்கர். காவல், துடைப்பம், ஸ்பானர், பஞ்சாயத்து எல்லாம் இவர் கையில். பயம் என்பது இவருக்குக் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சேறு வழிப்பார். மீட்டர் பெட்டியில் பொறி பறந்தால் வெறுங்காலோடு ஓடுவார். நான்தான் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கத்திக்கொண்டு போவேன். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒற்றெழுத்து என்றால் மட்டும் பயம். இரண்டு சொல்லுக்கு நடுவில் க், ப் வருமா வராதா என்ற சந்தேகம் வந்துவிட்டால் போதும், முகம் வெளுத்துவிடும்.

காரணம் இரண்டாவது மாடி டீச்சர். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டதே தவிர, அவர் யாரையும் விடவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. கட்டிடத்து அறிவிப்புகளை எல்லாம் இவர் அதில்தான் எழுதுவார். வாயால் சொன்னால் போதும் என்றால் கேட்க மாட்டார். பலகையில் எழுதினால்தான் மரியாதையாம். ‘நாளை தண்ணீர் தொட்டி கழுவப்படும்’ என்று எழுதுவார். காலையில் பால் வாங்கக் கீழே வரும் டீச்சர், ‘தண்ணீர்’ பக்கத்தில் ஒரு ‘த்’ செருகி, அதைச் சுற்றி ஒரு பெரிய சுழி போட்டுவிட்டுப் போவார். கட்டிடமே அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். இவர் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு குளிர்கால விடுமுறையில் குப்பை லாரியின் நேரத்தை மாற்றினார்கள். விடியற்காலையில் வருகிற லாரி, விடுமுறை முடிகிறவரை சாயங்காலம்தான் வரும். குப்பைப் பையைத் தரையில் வைத்தால் பூனை பிய்த்துப்போடும். ஆகவே சாயங்காலம் பையைக் கதவில் மாட்டி வைத்தால் இவர் மாடி மாடியாகப் போய் எடுத்து வந்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. அதை எழுத இவருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

‘சாயங்காலம்’ என்று எழுதினால் டீச்சர் முகம் சுளிப்பார் என்று ‘மாலை’ என்று போட முடிவு செய்தார். அடுத்ததில்தான் மாட்டிக்கொண்டார். சாக்பீஸும் கையுமாக அறைக்குள் வந்து நின்றார்.

“ஏம்மா, குப்பைக்கும் பைக்கும் நடுவுல ‘ப்’ வருமா?”

“பைக்குள்ள குப்பை வந்தா போதும்ங்க.”

“விளையாடாத. டீச்சர் சுழிச்சிடுவாங்க. ‘பையை’ன்னு போட்டா, கதவுக்கு முன்னாடி ஒரு ‘க்’ வேற வந்து நிக்குது.”

“சந்தேகமா இருந்தா விட்டுடுங்களேன். இங்க பால் பொங்குது.”

நான் விடச் சொன்னது எழுத்தை. இந்த மனுஷன் விட்டது குப்பையையும் பையையும். போய்ப் பார்த்தால் பலகையில் இப்படி இருந்தது: ‘விடுமுறை முடியும் வரை மாலை கதவில் மாட்டி வைக்கவும்.’

டீச்சர் வந்தார். படித்தார். சுழிக்க ஒன்றும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாகப் பக்கத்தில் ஒரு ‘சரி’ போட்டுவிட்டுப் போனார். இவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த ‘சரி’யைக் காட்டினார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

டீச்சரே ‘சரி’ போட்ட பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? சாயங்காலம் இவர் பெரிய சாக்கை எடுத்துக்கொண்டு மேலே போனார். ரொம்ப நேரம் கழித்து, காலிச் சாக்கோடு திரும்பி வந்தார்.

“எங்கங்க குப்பை?”

“யாரும் வைக்கல.”

“பின்ன?”

“மாலை போட்டிருக்காங்க.”

“யாருக்கு?”

“கதவுக்கு.”

நான் தலையில் அடித்துக்கொண்டு மேலே ஓடினேன். உண்மைதான். அந்தக் குளிரில் பூ எங்கே கிடைக்கும்? பல் டாக்டர் வீட்டில் தொட்டிச் செடியை மொட்டையடித்து இலை மாலை கட்டியிருந்தார்கள். மூன்றாவது மாடி பஸ் டிரைவரின் மனைவி, பூச்சி அரித்த சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்துக் கம்பளி மாலை பின்னியிருந்தாள். கல்யாணம் ஆகாத பையன்கள் குடியிருந்த வீட்டில் செய்தித்தாளைச் சுருட்டி நூலில் கோத்திருந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் கிடந்த குப்பையை நினைத்து எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் இவர் வீடு வீடாகப் போய், பையையும் கூடவே மாட்டுங்கள் என்று வாயால் சொன்னார். பலகையைத் தொடவில்லை. ‘சரி’ போட்ட வரியை அழிக்க இவருக்கு மனசு வரவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் இவர் ஒன்றுமே எழுதவில்லை. விடுமுறை தொடங்கிய அன்று மாலைகள் தாமாகக் கதவில் ஏறின. அதற்கடுத்த வருஷம் எதிர்க் கட்டிடத்திலும் மாட்டினார்கள். பிறகு தெருவே மாட்டியது. கூடவே சட்டதிட்டங்களும் முளைத்தன. மாலையில் சிவப்பாக ஏதாவது இருந்தே தீர வேண்டுமாம். விடுமுறை முடிவதற்குள் கழற்றினால் வீட்டுக்கு ஆகாதாம். இலையைத் தண்ணீரில் கழுவக் கூடாதாம். கழுவாததற்குக் காரணம், முதல் வருஷம் டாக்டர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது. அது எனக்குத் தெரியும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறியதே நான்தான்.

இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. குடைச்சல், குடியிருப்போர் சங்கத்துப் புதுச் செயலாளர் வடிவத்தில் வந்தது. அவர் சுறுசுறுப்பானவர், சும்மா இருக்கத் தெரியாது. யூனிஃபார்ம் போட்ட ஆட்களை அனுப்பும் ஒரு கம்பெனியைப் பேசி வைத்தார். கேர்டேக்கர் தேவையில்லை, அந்த அறையில் உடற்பயிற்சி மெஷின் வைக்கலாம் என்றார். என் மகளை இந்த அறையில்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். இதை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

விடுமுறைக்கு முந்தின நாள், கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். முதலில் மாலை விஷயம், அடுத்தது எங்கள் விஷயம். மாலை வழக்கம் எப்படித் தோன்றியது என்று வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கச் செயலாளருக்கு ஆசை. கல்லுக்குச் சொல்லியும் ஆயிற்றாம்.

“நீங்கதான் ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்லுங்க. அப்புறம் எப்படி வெளிய அனுப்புவாங்க?” என்று நான் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லியிருந்தேன்.

“டீச்சர் இருப்பாங்கம்மா” என்பதுதான் இவருடைய ஒரே பதில்.

கூட்டத்தில் ஆளாளுக்கு அளந்து விட்டார்கள். குளிரிலும் வாடாத பச்சை இலையைக் கதவில் வைத்தால் வீட்டில் உயிர்ப்பு குறையாது, ஆதி மனிதன் அப்படித்தான் நினைத்தான் என்றார் பல் டாக்டர். சிவப்பு என்பது சூரியன், தெற்கே போன சூரியனைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார் செயலாளர். ஸ்வெட்டரைப் பிரித்த டிரைவர் மனைவியே அதற்குத் தலையை ஆட்டினாள். பாவி, பூச்சி அரித்த ஸ்வெட்டர் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக டீச்சர், கதவுக்கு மாலை சூட்டுவது விருந்தினரை வரவேற்கும் குறியீடு என்று ஆரம்பித்து, ஒரு பாடமே நடத்தி முடித்தார்.

இவர் தூணுக்குப் பின்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“அது மாலை இல்லீங்க. சாயங்காலம்.”

யாருக்கும் புரியவில்லை. குப்பை லாரியில் ஆரம்பித்து, பால் பொங்கியது வரை போட்டு உடைத்தேன். செயலாளரின் முகம் கறுத்தது.

“அப்ப இத்தனை வருஷமா நாம குப்பைப் பை மாட்டற இடத்துக்குத்தான் மரியாதை பண்ணிட்டு இருந்தோமா? நான் கல்வெட்டுல என்னத்தை எழுத?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரைப் பார்த்து டாக்டர் முறைத்தார். உதவி செய்யப் போய் உள்ளதையும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டீச்சர் மட்டும் இவரைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்ப்பா, தப்புன்னு தெரிஞ்ச உடனே பலகையில ஏன் திருத்தல?”

இவர் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

“பையை எடுக்க மேல போனேன் டீச்சர். எல்லாக் கதவும் திறந்து கெடந்துச்சு. குளிர் காலத்துல இங்க கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டுல நூல் கேக்குறாங்க, ஒரு வீட்டுல ஊசி கேக்குறாங்க. டாக்டர் சார், டிரைவர் வீட்டு ஸ்டூல் மேல ஏறி நின்னு அவங்க கதவுல ஆணி அடிக்கிறாரு. அதுக்கு முந்தின மாசம்தான் ரெண்டு வீட்டுக்கும் தண்ணிக்குச் சண்டை. அவங்ககிட்டப் போய், இது குப்பைக்காக எழுதினதுன்னு எப்படிச் சொல்றது?”

டீச்சர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார், டாக்டர் டிரைவர் மனைவியைப் பார்த்தார். செயலாளர் அவசரமாகக் காகிதத்தைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குத் தாவினார். கம்பெனி ஆட்களைப் பற்றி, கேமராவைப் பற்றி, பழைய ஏற்பாட்டின் குறைகளைப் பற்றி வேகவேகமாகப் பேசினார். கடைசியில் கேட்டார்.

“சரி, பேசினது போதும். வேண்டாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

அத்தனை கையும் ஒரே நேரத்தில் மேலே போனது. டாக்டர் கை, டிரைவர் கை, அவர் மனைவி கை, தலை நரைத்த டீச்சரின் மெலிந்த கை. இத்தனை வருஷம் இவர்கள் வீட்டுக் குழாயையும் சாக்கடையையும் பார்த்ததற்கு இதுதானா என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், தூணுக்குப் பக்கத்தில் இவருடைய கையும் மேலே இருந்தது.

“ஏகமனதாகவா? நல்லது” என்று செயலாளர் பேனாவைத் திறந்தார். “அடுத்த மாசம் அறையைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க.”

“நில்லுங்க” என்றார் டீச்சர். கையை இன்னும் இறக்கவில்லை. “யாரை வேண்டாம்னு கேட்டீங்க?”

“கேர்டேக்கரைத்தான்.”

“நான் உங்க கம்பெனி வேண்டாம்னு தூக்கினேன்.”

“நானும்தான்” என்றார் டாக்டர். “நாங்களும்” என்றாள் டிரைவர் மனைவி. நாலாபக்கமும் நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“செயப்படுபொருள் இல்லாம ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, பதிலை மட்டும் உங்க இஷ்டத்துக்கு எழுதிப்பீங்களா?” என்று டீச்சர் போட்ட போட்டில் செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். கம்பெனி போயிற்று. கல்வெட்டையும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். இவர் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் கையைத் தூக்குனீங்களே. கம்பெனி வேண்டாம்னுதானே?”

“இல்லம்மா. என்னை வேண்டாம்னு கேக்குறாருன்னுதான் நினைச்சேன்.”

“அப்புறம் எதுக்குத் தூக்குனீங்க?”

“எல்லாரும் தூக்கிட்டாங்க. அவங்க மொத்தப் பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர்றதே அபூர்வம். நான் ஒருத்தன் கையைக் கீழ வச்சு அதைக் கெடுப்பானேன்னு பார்த்தேன்.”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அறை மூலைக்குப் போனேன். கூட்டத்துக்குப் போகுமுன் மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களை அவிழ்த்து, நான் அழுவது அவருக்குக் கேட்காத அளவுக்குச் சத்தமாக ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தேன்.