பகல் ஷிஃப்டுக்கு ஒரு பரீட்சை

மகளுக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது நான் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுப் போனதில்லை. மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தர ஆய்வு அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. டிப்ளோமா படிப்புக்குக் கிடைத்த குளிரூட்டிய அறை. பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய சில மாதங்களில் அந்த வேலையைச் சுபாங் ஜெயா அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று பேக்கிங் பகுதி. வாரத்துக்கு வாரம் மாறும் மூன்று ஷிஃப்ட். மற்றது மெஷின் ஷாப். ஆறு வாரப் பயிற்சி, முடிவில் மேற்பார்வையாளர் வைக்கும் பரீட்சை. தேறினால் நிரந்தரப் பகல் ஷிஃப்ட். தேறாவிட்டால் பேக்கிங்தான்.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கும் ஷிஃப்ட். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியிலேயே பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆன்டி மாலை ஆறரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ளமாட்டார். அதனால் நான் தேறாவிட்டால் மகள் திங்களிலிருந்து வெள்ளிவரை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் செமினியில் கணவரின் அக்கா வீட்டில் வளர்வாள் என்று முடிவாகியிருந்தது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் போய்விட்ட வீடு. "என்கிட்ட விடு, நான் பாத்துக்கறேன்" என்று முகம் கோணாமல் சொன்னவர். அவரிடம் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குறை இருந்தால் மறுக்கலாம்.

எனக்குக் கற்றுத்தந்தவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பள்ளி இறுதித் தேர்வுக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரித்தாள்.

"அக்கா, எஸ்.பி.எம். பரீட்சைக்கா வந்திருக்கீங்க? மார்ஜின்லாம் போட்டு வச்சிருக்கீங்க?"

"எழுதினாத்தான் எனக்கு மனசுல நிக்கும்."

"சரி, எழுதுங்க. மொத வரி: மிஷின் கடிக்காது. ரெண்டாவது வரி: ஆனா உடைக்கும்."

அன்று எதையும் ஓட்டவில்லை. நிறுத்த மட்டும் கற்றுக்கொண்டேன். காளான் போல் வெளியே நிற்கும் பெரிய சிவப்புப் பொத்தானை அடித்தால் எல்லாமே செத்துவிடும். ஃபீட் ஹோல்ட் என்ற சின்னப் பொத்தான் அப்படியில்லை. வெட்டும் கருவி சுழன்றுகொண்டே இருக்கும், நகர்வு மட்டும் நிற்கும். பயந்தால் எதை அழுத்துவது, சந்தேகப்பட்டால் எதை அழுத்துவது என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். நான் பயத்துக்கும் சந்தேகத்துக்கும் வேறுபாடு பார்த்துப் பழகாதவள். அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிவிட்டு மறுபடி ஏறிப்போய்ப் பார்க்கிற ஆள். பத்தில் நான்கு முறை தப்பான பொத்தானைச் சொன்னேன்.

திசைகள் அடுத்த தலைவலி. வெட்டும் கருவி இருந்த இடத்திலேயே சுழலும், கீழே மேஜைதான் நகரும். மேஜை இடப்பக்கம் போனால் கருவி வலப்பக்கம் போனதாகக் கணக்கு. எனக்குத் தலைகீழாகவே வந்தது. என் அம்மா வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். ஒரு சனிக்கிழமை அங்கே போய்விட்டுத் திரும்பும்போது ஸ்டேஷனில் பக்கத்து ரயில் கிளம்பியது. நாங்கள்தான் கிளம்பிவிட்டோம் என்று நினைத்து மகள் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தாள். அந்த நொடியில் எனக்கு எக்ஸ் அச்சு என்கிற அந்த இடவலக் கணக்கு புரிந்தது. திங்கட்கிழமை இதைச் சொன்னதும் என் பயிற்சியாளர், "பரவாயில்ல லா, ஒங்க பாப்பா என்னைவிட நல்லா சொல்லிக்குடுக்குது" என்றாள்.

எனக்குப் பிடித்தது கைச்சக்கரம். ஒவ்வொரு பல்லாக 'டிக்' என்று திரும்பும். நூறு என்று வைத்தால் ஒரு டிக்குக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கருவி நகரும். ஒன்று என்று வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. வேலைத்துண்டின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல, சுழலாத கருவியின் அடியில் ஒரு தாள் துண்டை வைத்து, அதை மெல்ல ஆட்டிக்கொண்டே கருவியை டிக் டிக்காக இறக்க வேண்டும். தாள் கையில் லேசாகப் பிடிக்கிற இடம்தான் பூஜ்யம். உடல் முழுக்கப் பதற்றமாக இருக்கிற எனக்கு இது மட்டும் முதல் முறையே வந்தது. தூங்கிவிட்ட பிள்ளையின் கழுத்தடியிலிருந்து கையை உருவுகிறவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

வீட்டில் மைலோ அட்டைப்பெட்டியைக் கிழித்து, இயந்திரத்தின் பொத்தான் பலகையை வரைந்து குளிர்பெட்டியில் ஒட்டினேன். மகளுக்கு அந்தச் சிவப்பு வட்டம்தான் வேண்டும். அவள் அதைத் தொட்டால் நான் கரண்டியோடு அப்படியே சிலைபோல் நிற்பேன். அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். மறுபடி தொடுவாள். சாம்பார் அடிப்பிடித்தாலும் நான் நின்றேன். இன்னும் எத்தனை சாயங்காலம் இப்படி இருக்குமோ என்ற எண்ணம் வராமல் ஒரு முறைகூட நின்றதில்லை.

பரீட்சைக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் மெஷின் ஷாப்பில் தமிழர்கள் ஏழெட்டுப் பேர். சீனரான மேற்பார்வையாளரே பழங்கள் வாங்கிக் கொடுத்து, மாலை நான்கு மணிக்கு இயந்திரங்களை நிறுத்தச் சொல்வார். துடைத்து, பூ போட்டு, ஒவ்வொரு இயந்திரத்தின் கதவிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். "வெளிய மட்டும், அக்கா. உள்ள வைக்கக்கூடாது" என்று என் பயிற்சியாளர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நானும் வெளியேதான் வைத்தேன். கற்பூரம் காட்டியாயிற்று. எல்லாரும் சுண்டல் சாப்பிடப் போனார்கள்.

எனக்கு மனது கேட்கவில்லை. வெட்டுகிறது உள்ளே. நான் கும்பிட்டது வெளியே. கதவில் வைத்த பொட்டு கதவுக்குத்தானே?

வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸுக்குள் பேரலல் என்று இரண்டு எஃகுப் பட்டைகள் வைப்போம். துண்டு அவற்றின்மேல்தான் சமமாக உட்காரும். நாளை என் துண்டைத் தாங்கப்போவது இதுதானே என்று ஒரு பட்டையின் விளிம்பில், ஓரமாக, சின்னதாய் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். காலையில் முதல் வேலையாகத் துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையைக் காப்பாற்று என்று வேண்டவில்லை. பிள்ளை என்னிடமே இருக்கட்டும் என்று வேண்டினேன். அதுகூடச் சுயநலமோ என்று கேட் தாண்டும்வரை யோசித்தேன்.

காலையில் வந்தபோது யாரோ பட்டைகளை எடுத்துத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு நின்றிருந்தார். நாற்பது நிமிடம். அலுமினியத் துண்டின் மேற்பரப்பைச் சமன் செய்து, நடுவே ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பட்டைகளின் மேல்விளிம்பைத் துடைத்தேன். துண்டை வைத்து இறுக்கினேன். ரப்பர் சுத்தியால் தட்டினேன். பட்டை அசைகிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும்; அசைந்தால் துண்டு சமமாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. மறுபடி தள்ளினேன். அசையாத மாதிரி இருந்தது.

இது நிஜமான சந்தேகமா, என் வழக்கமான சந்தேகமா? ஆறு வாரமாக, "மூணு தடவ பாத்துட்டீங்க, மிஷினுக்கே வெக்கமா இருக்கு" என்று அவள் கிண்டல் செய்தது காதில் ஓடியது. கடிகாரமும் ஓடியது. தாள் வைத்துப் பூஜ்யம் எடுத்தேன். வெட்டைத் தொடங்கும் சைக்கிள் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் சரியில்லை. ஒரு பக்கம் கனமாக அறுத்தது, மறுபக்கம் உரசக்கூட இல்லை. என் கை ஃபீட் ஹோல்டுக்குப் போய்விட்டது.

"கெனாப்பா ஸ்டாப்?" ஏன் நிறுத்தினாய் என்று மேற்பார்வையாளர் மலாயில் கேட்டார்.

"துண்டு சாய்ஞ்சிருக்கு, பாஸ்" என்று மலாயிலேயே சொன்னேன். சுழற்சியை நிறுத்தி, கதவைத் திறந்து, துண்டைக் கழற்றினேன். பட்டையைப் புரட்டியதும் தெரிந்தது. அடிப்பக்க விளிம்பில் மஞ்சளாக, காய்ந்து, நசுங்கி ஒட்டியிருந்தது. எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே கோயில் வாசம். துடைக்க நினைத்தது பரீட்சைப் பயத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அப்பா இனி?" என்றார், இது என்ன என்று.

என் பயிற்சியாளர் பட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நேத்து பூஜை பாஸ், யாராச்சும் தெரியாம…" என்று மலாயில் ஆரம்பித்தாள். எனக்காகத்தான். ஏழெட்டுப் பேரில் யாராவது ஒருவர். அதை அப்படியே விட்டிருந்தால் குற்றம் என்மேல் வந்திருக்காது. ஆனால் அந்த ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். அடுத்த வருடம் பூஜைக்கு அனுமதி போய்விட்டால்? அதைவிட, ஆறு வாரமாக அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் என்ன ஆவது?

"நான்தான் வச்சேன், பாஸ். அவங்க வேணாம்னு சொன்னாங்க. நான்தான் உள்ள வச்சேன்."

அவர் சந்தனத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொம்பது நிமிசம் இருக்கு. வேற துண்டு எடு" என்றார்.

பட்டைகளை நான்கு பக்கமும் துடைத்தேன். வைஸின் அடித்தளத்தையும் துடைத்தேன். விரலால் தள்ளியபோது அசையவில்லை. மறுபடி தள்ளத் தோன்றியது. தள்ளினேன். யாரும் சிரிக்கவில்லை. வெட்டி முடித்தபோது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் நான்கு மூலைகளையும் அளந்தார், பள்ளத்தின் ஆழத்தை இரண்டு முறை அளந்தார். எல்லா அளவுகளும் வரைபடம் அனுமதித்த வரம்புக்குள் இருந்தன.

படிவத்தை மேஜைமேல் வைத்து எதையோ நெடுநேரம் எழுதினார். "நேரம் ஃபெயில்" என்றார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுக்கத் திரும்பினேன். "நேரம் பழகினா வரும். ரெண்டு மாசத்துல மறுபடி பாப்பேன். அதுவரைக்கும் பகல் ஷிஃப்டுதான், இங்கயேதான்." பிறகு கதவில் வாடியிருந்த பூவைக் காட்டி, "வெளிய ஒங்க சாமி. உள்ள நான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். என் பயிற்சியாளர் கை துடைக்கும் துணியை நீட்டினாள். அதில் அலுமினியத் தூள் இருந்ததால் கண் இன்னும் எரிந்தது.

"அக்கா, அசைஞ்சுச்சுன்னு மொதல்லயே தெரிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அப்ப ஏன் ஓட்டுனீங்க?"

"நீ கிண்டல் பண்ணுவேன்னு."

அவள் பட்டைகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். "இனிமே நாலு தடவகூட பாருங்க, நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றாள்.

உணவு இடைவேளையில் கணவருக்குச் சொன்னேன். பிறகு செமினிக்கு அழைத்தேன். "அண்ணி, பகல் ஷிஃப்டே குடுத்துட்டாங்க. இப்போதைக்கு ரெண்டு மாசம். பாப்பா எங்ககூடவே இருப்பா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நல்லது மா" என்றார் அண்ணி. "சந்தோசம். பிள்ளைனா அம்மாகிட்டதான் இருக்கணும்." பிறகு, "மாடிப்படிக்கு நேத்துதான் கேட் போட்டோம். பரவால்ல, அது கெடக்கட்டும்" என்றார்.

ஆறு வாரமாக நான் தேற வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் வருகிற பிள்ளைக்காக வீட்டைத் தயார் செய்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணி, வெள்ளிக்கெழம சாயங்காலம் வரோம். ஞாயித்துக்கெழமதான் கெளம்புவோம்."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாளும்தான்."

"அவளுக்கு இடியப்பம் பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். பால் ஊற்றியா, சீனி போட்டா என்று கேட்டார். இரண்டும் என்றேன். இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவோரம் நின்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.