நான் உருவி எடுத்த கடைசி அத்தியாயம்

ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை உருவி ஒளித்து வைத்தவள் நான்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பதினோரு தாள். விதைநெல் கொட்டி வைக்கிற தகர டிரம்மின் அடியில், பூச்சி அண்டாமல் போடும் நொச்சி இலைகளுக்குள் கிடக்கிறது. அந்த நாவலைப் படித்துவிட்டு ‘ஆகா, என்ன முடிவு!’ என்று வியந்தீர்களே... அந்த முடிவு எழுதியவனுடையது இல்லை. என்னுடையது!

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், நாளுக்கு நாலு வரியாக. எனக்கு அவசரம் இல்லை. ஆறு வருசம் சுமந்ததை ஒரே மூச்சில் இறக்க முடியுமா?

எழுதியவன் செல்வராசு. என் வீட்டுக்காரரின் தம்பி. அவன் பெண்டாட்டி கமலா கும்பகோணத்தில் டீச்சர். அவள் அங்கே, இவன் இங்கே குத்தாலத்துப் பக்கம் எங்கள் வயலில். சண்டை ஒன்றும் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை போய் வருவான். மற்ற நாளெல்லாம் மோட்டார் கொட்டகையில் கிடப்பான். மும்முனைக் கரண்ட் வந்தால் மோட்டாரைப் போடுவான், போனால் எழுதுவான். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் முன்னால் நிற்க மாட்டான். திமிர் பிடித்தவன் என்றார்கள். நான் சொன்னதில்லை.

சோறு கொண்டு போகும்போது எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவான்.

“உலகம் பூரா இப்படி ஆளுங்களப் பத்தி எழுதிக்கிட்டிருக்காங்க அண்ணி. ஊரோட ஒட்டாதவன். எல்லாரும் ஆமாங்கறப்ப, ஏன்னு கேக்கறவன்.”

“அதை எழுதுறவனுக்கெல்லாம் சோறு யாரு போடறா தம்பி?”

“மத்தவனுக்குத் தெரியாது. எனக்கு நீங்கதான்.”

சிரித்தோம். கமலா போட வேண்டிய சோறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை பாருங்கள்.

அவன் கதையில் ஒரு லஸ்கர் வருகிறான், மதகைத் திறந்து மூடுகிற ஆள். ஆற்றில் தண்ணீர் வராத வருசம். மழை வேண்டி ஊரே வைக்கோலில் கொடும்பாவி கட்டி, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுக்கிறது. வீட்டுக்கு ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும். இவன் பிடிக்க மாட்டேன் என்கிறான். ‘நான் இழுத்து மழை வருமென்றால், இத்தனை நாள் வராததற்கும் நான்தானா காரணம்?’ என்று கேட்கிறான். ஊர் அவனை ஒதுக்குகிறது. மன்னிப்புக் கேள், சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது. அவன் கேட்கவில்லை. வீட்டையும் ஊரையும் விட்டு ஆற்றங்கரை மேலேயே நடக்கிறான்.

அம்மாடி, எப்பேர்ப்பட்ட ஆள்! பொய்க்கு அழாதவன்! பயந்து கும்பிடாதவன்! தனியாக நிற்கிறோமே என்று கூசாதவன்! நான் பதினேழு வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எத்தனை கயிறு பிடித்திருப்பேன், ஏன் என்று ஒருநாள் கேட்டிருப்பேனா? அவன் கேட்டான். நான் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கேட்டான். நாற்று முடியைத் தூக்கி வரப்பில் நடக்கும்போது அவனும் எனக்கு முன்னால் நடக்கிற மாதிரி இருக்கும். அதுவரை யாரும் என்னை ஒரு கதைக்குள் அப்படி நடத்திப் போனதில்லை.

“கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி அண்ணி. முடிச்சதும் வாசிக்கிறேன்” என்றான். முடித்தான். வாசிக்கவில்லை. குறுவை அறுப்பு நடக்கையில் களத்து மேட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுவலி.

மோட்டார் கொட்டகையில் இருந்த தாள் கட்டை நான்தான் எடுத்து வந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தப் பதினோரு தாளையும் எழுத்துக் கூட்டி முடித்தேன்.

முடித்ததும்... எனக்கு வந்தது கோபம்!

லஸ்கர் திரும்பி வருகிறான். விடியும் நேரம், வீட்டுக் கொல்லை வாசலில் நிற்கிறான். அவன் பெண்டாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து, கறுப்பு நூலால் கட்டியிருக்கிறது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கிறாள். ‘எல்லா இடத்திலும் நான் வெளியாள். உன்னிடம் மட்டும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை தூரம் நடக்க வேண்டியிருந்தது’ என்கிறான்.

கறுப்பு நூல் கட்டிய கண்ணாடி யாருடையது என்று எனக்குத் தெரியும். கமலா அந்தக் கண்ணாடியோடுதான் பிணத்தருகே உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்கே வளையாதவன் ஒரு சொம்புத் தண்ணீருக்கு வளைவதா? எனக்குப் பொறுக்கவில்லை. அவன் நடந்துகொண்டே இருக்கட்டும்! உருவினேன்.

அன்றைக்கு இவ்வளவுதான் காரணம் என்று நம்பினேன். இப்போது கேட்டுக்கொள்கிறேன்... கோபம் அவன் வளைந்ததற்கா? வளைந்த இடம் கமலாவாக இருந்ததற்கா? சோறு போட்டவள் நான், கதை கேட்டவள் நான், கடைசிப் பக்கம் மட்டும் அவளுக்கா என்று எனக்குள் ஒன்று முனகியதே, அது பொய்யா? இல்லை, மெய்தான்.

காரியம் முடிந்து தாள் கட்டை வாங்கிக்கொண்ட கமலா கேட்டாள்: “அக்கா, இதுல எனக்குன்னு எதாச்சும் எழுதியிருக்காரா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. அவன் யாரையும் நெனக்காதவன். அதனாலதான் பெரிய ஆளு.”

தலையசைத்தாள். கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

அடுத்த வருசமே அவளே அலைந்து திரிந்து புத்தகமாகப் போட்டாள். பேர் வாங்கியது. தஞ்சாவூரில் கூட்டம் வைத்தார்கள். நானும் கமலாவும் முன்வரிசையில். தாடி வைத்த ஒரு வாத்தியார் ‘இருத்தலியம்’ என்றார், ‘அந்நியமாதல்’ என்றார். “வாசகனுக்கு ஆறுதல் தராத துணிச்சல்! எந்தச் சமாதானமும் இல்லாமல் நடந்து போகிறான். இதைவிட நேர்மையான முடிவு தமிழில் இல்லை!” என்றார். கை தட்டினார்கள். என் நெஞ்சு விம்மியது. மறைக்க மாட்டேன், பெருமையில்தான் விம்மியது! இரண்டாம் வகுப்புக்காரி செய்ததற்கு ஒரு மண்டபமே கை தட்டுகிறதே!

“அவரு என்னடி சொல்றாரு?” என்று கமலா காதில் கேட்டேன்.

“மனுசன் செஞ்சதுக்கு அவனேதான் பொறுப்பாம் அக்கா. சாமி மேலயும் போட முடியாது, ஊரு மேலயும் போட முடியாதுன்னு சொல்றாரு.”

அந்தக் கண்ணாடிதான் போட்டிருந்தாள். நூல் மட்டும் புதிது.

இன்றைக்கும் நான் சொல்வேன்: நடந்து போகிற முடிவுதான் பெரிது. அந்த மாதிரிக் கதைகள் மனிதனை நிமிர வைக்கின்றன. எவன் தயவும் இல்லாமல் நிற்க முடியும் என்று எனக்குச் சொன்னது அதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் யார் வீட்டுக்கும் போகாமல் இந்த நிலத்தில் தனியாக நிற்கிறேன் என்றால், அந்த லஸ்கர் கொடுத்த தைரியம்.

ஆனால்... தனியாக நிற்க அவன் தேர்ந்தெடுத்தான். நான் தேர்ந்தெடுத்தேன். கமலா?

போன தை மாதம் வந்திருந்தாள். ரிடையர் ஆகிவிட்டாள். யாரோடும் போக்குவரத்து கிடையாது. விதைக்கு எடுத்த நெல்லைக் கோணிப்பாயில் காயப் போட்டிருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கிளறிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“மொதல்ல அந்த முடிவு எனக்குப் புடிக்கல அக்கா. திரும்பி ஒரு தடவ பாத்திருக்கலாம்னு தோணும். அப்புறம் படிச்சுப் படிச்சுப் பழகிருச்சு. அவருக்கு யாரும் வேணாம். சரி, எனக்கும் யாரும் வேணாம்னு இருக்கக் கத்துக்கிட்டேன்.”

பெருமையாகத்தான் சொன்னாள். என்னைப் போலவே பெருமையாக!

அவளை அப்படி வெளியே நிறுத்தியது எந்தக் கதையும் இல்லை. நான்.

“இருடி, உனக்கு ஒண்ணு காட்டுறேன்” என்று எழுந்தேன். உள்ளே போய்க் காலி டிரம்முக்குள் கைவிட்டேன். தாள் கையில் தட்டுப்பட்டது. கொடுத்தால் அவன் அவளுக்குத் திரும்பக் கிடைப்பான். ஆறு வருசம் அவளை ஏய்த்தவள் யார் என்பதும் தெரிந்துபோகும். எதற்குப் பயந்தேன்? அவள் அழுவாள் என்றா? என்னை அக்கா என்று கூப்பிடமாட்டாள் என்றா?

ஒரு கைப்பிடி நொச்சி இலையோடு வெளியே வந்தேன்.

“இதையா காட்டுறேன்னீங்க?”

“ஆமா. பழசு. மாத்தணும்.”

அவள் பஸ் ஏறிப் போன பிறகு புது இலை பரப்பினேன். தாள்களை வைத்து, அதன் மேல் காய்ந்த நெல்லைக் கொட்டி மூடினேன்.

நெல் விதைப்புக்குப் போகும், புது நெல் வரும். அந்தப் பதினோரு தாள் மட்டும் அடியிலேயே கிடக்கிறது. கமலாவுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.