புகைப் பெட்டிக்குப் பூக் கேட்ட கதை

ஈப்போ நகரத்துப் புந்தோங் அம்மன் கோயிலில், சன்னதிப் படியில், இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. பெண் கட்டுவதற்கும் நிலம் வாங்குவதற்கும் சாமியிடம் பூக் கேட்பார்கள். என் மச்சான், அக்காளின் கணவர், காரின் புகைக்குழாய்க்குக் கேட்டார்.

பழைய கார். புகைக்குழாயின் நடுவே புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று உண்டு. அது உள்ளே அடைத்துக்கொண்டதால் இன்ஜின் மூச்சுவிட முடியாமல் திணறியது. பள்ளியைப் பாதியில் விட்டு, லாரியிலும் படகிலும் பாகான் டத்தோ வரை அலைந்தவன் நான். அதைக் கழற்றவேண்டும் என்றுகூடவா எனக்குத் தெரியாது? பட்டறை அண்ணனும் அதையே சொன்னார்: "கழட்டிட்டு நேர் பைப்பு போட்டா பறக்கும்லா. நாத்தம் வேணாம்னா வேற கார்ல கழட்டின பெட்டி இருக்கு, மாட்டு."

"எவன் கார்ல இருந்த பெட்டியோ, எனக்கு வேணாம்" என்றார் மச்சான். "சும்மா கழட்டினா நாத்தம் உள்ள வரும். உன் அக்கா பின் சீட்டுல வாந்தி எடுப்பா."

அக்காவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. இரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போகவேண்டும். ஒருமுறை தவறினாலும் கால் வீங்கி மூச்சு இரைக்கும். அவர்கள் இருந்ததோ ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட தோட்டத்தில், பஸ் கிடையாது.

சன்னதியில் மச்சான் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தது. பெட்டி இருக்கட்டும் என்று அர்த்தமாம்.

"அது அடைச்சுப் போச்சுன்னு ஆத்தாகிட்ட சொன்னீங்களா மச்சான்?"

"ஆத்தாவுக்குத் தெரியாதாடா?"

எனக்குத் தூணில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த முறை அக்காவை ஈப்போவுக்குக் கூட்டிப் போகும்போதே, பாதி வழியில், மேடேற முடியாமல் கார் நின்றது. பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் கத்தினேன். நான் வாயை வைத்ததால்தான் நின்றது என்று அவர் கத்தினார். அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். ஊசி குத்திக் கட்டுப்போட்ட கையை நீட்டி ஒரு காய்கறி லாரியை நிறுத்தினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஆத்தாகிட்ட இன்னொரு தரம் கேட்டுட்டு மெதுவா வாங்க. நான் போறேன்."

அன்றே மச்சான் பட்டறையில் வேறு பெட்டி மாட்டினார். நாற்றமில்லை, திணறலில்லை, கார் ஆட்டுக்குட்டிபோல மேடேறியது. ஆனால் அக்கா அதில் ஏறவில்லை. நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன் ஒன்றைத் தோட்ட வாசலுக்கு வரச் சொல்லிவிட்டாள். "வேன்காரன் பூக் கேக்கமாட்டான்லா" என்றாள்.

நான் இப்போது சிலிம் ரிவர் என்ற ஊரில் காவல் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மச்சான் என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, அந்த வேனின் பின்னாலேயே ஈப்போ வரை ஓட்டுகிறார். பின் சீட்டில் யாருமில்லை.

"எதுக்கு மச்சான் இந்த வேலை?"

"வேன் நின்னுட்டா?"

அந்த டீசல் வேனோ மேட்டுக்கு மேடு கரும்புகை கக்குகிறது. அத்தனையும் எங்கள் முகத்தில். வேனின் பின் கண்ணாடி வழியாக அக்கா, வீட்டுக்குப் போங்கள் என்று கையை வீசுகிறாள். மச்சான் இருமிக்கொண்டே பதிலுக்குக் கையாட்டுகிறார்.